மேற்படி கிழவி யார்?

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய 1850 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா; கென்டக்கி விவசாயி; வயது 34. பிள்ளைகள் பெயருக்கு நேரே 'டி, ஓ' என்று இரண்டெழுத்து இருக்கிறதே, அது என்ன பெயர் என்று கேட்டிருந்தாய். பெயரே இல்லை அம்மா; 'ditto' என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பத்திரத்தில் நாங்கள் 'மேற்படி' என்று எழுதுவோமே, அதுதான். பதிவு அலுவலகத்தில் 30 வருஷம் நகல் எழுதியவனுக்கு அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

கடைசி வரியில் 61 வயதுக் கிழவி ஒருத்தி, வேறு குடும்பப் பெயரோடு. வேலைக்காரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாய். அவசரப்படாதே. வீட்டில் இருக்கிற எல்லோர் பெயரையும் எழுதிய முதல் கணக்கெடுப்பு அதுதான். (அடிமைகளுக்கு அதிலும் பெயர் கிடையாது; தனிப் பட்டியலில் வயசும் ஆணா பெண்ணா என்பதும் நிறமும்தான்.) யாருக்கு யார் என்ன உறவு என்று எழுத ஆரம்பித்தது 1880இல். எனக்கென்னவோ அவள் அந்த விவசாயியின் மாமியார் என்று படுகிறது. அப்படியானால் நீ இத்தனை நாள் தேடும் அவர் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் அந்த வரியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இதற்குக் கல்யாணப் பத்திரம் வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே, கல்யாணத்துக்குச் சட்டப்படி தடை எதுவும் இல்லை என்று மாப்பிள்ளை ஒரு தொகைக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுப்பார். கூடவே ஜாமீன்தாரர் கையெழுத்து, அநேகமாகப் பெண் வீட்டு ஆள். அந்தக் கையெழுத்தில் கிழவியின் குடும்பப் பெயர் இருந்தால் சரி.

ஒரு கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அந்தப் பத்திரம் இல்லை என்றதும் சோர்ந்துவிட்டாயே, ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கதை தெரியுமா? அவர் பெற்றோர் குடியிருந்த ஹார்டின் கவுண்டியில் கல்யாணப் பதிவு அகப்படவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? முறையாகக் கல்யாணமே ஆகவில்லை என்று பேசினார்கள். பத்திரமோ வாஷிங்டன் கவுண்டியில் கிடந்தது: தாமஸ் லிங்கன், நான்சி ஹாங்க்ஸ், 1806 ஜூன் 10, ஜாமீன் தொகை 50 பவுண்டு, ஜாமீன்தாரர் ரிச்சர்ட் பெர்ரி. சுதந்திரம் வாங்கி 30 வருஷம் ஆகியும் பவுண்டுக் கணக்குதான், பார்! லிங்கன் இறந்து பல வருஷம் கழித்துத்தான் அது வெளியே வந்தது.

எல்லையையும் பார்த்துக்கொள். லிங்கன் 1809இல் பிறந்த இடம் அப்போது ஹார்டின். 1843இல் பிரித்தபிறகு அதே நிலம் லாரூ கவுண்டி. ஆள் அசையாமலே கவுண்டி மாறிவிடும்.

அதனால் ஒரு நாள் லீவு போட்டுப் பக்கத்துக் கவுண்டி கோர்ட்டுக்குப் போய்விட்டு வா. மாப்பிள்ளையின் பெரியம்மா வீட்டுப் பழைய பைபிளில் பிறப்பு, இறப்பு எழுதிய பக்கம் இருந்தால் அதையும் போட்டோ எடு. பிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கம் வைத்து எடு.

ஜாமீன் கையெழுத்து கிடைத்தால் நேரம் பார்க்காமல் கூப்பிடு. நடுராத்திரியில் என்ன போன் என்று அம்மா திட்டினால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா