சாப்பிடாமலே ஏறும் காலைச் சர்க்கரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீரிழிவு குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் மருத்துவக் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை உணவில் தொடங்கி இன்சுலினோடு முடிந்துவிடுகின்றன. சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த அறியாமையால் என் வீட்டில் ஓர் அநியாயம் நடந்தது.

நீரிழிவுள்ள என் தாயாருக்கு இரவில் 130 காட்டிய கருவி, விடிந்ததும் வெறும் வயிற்றில் 172 காட்டியது. இடையில் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை என்று அவர் கண் கலங்கிச் சொன்னதை நாங்கள் நம்பவில்லை. எங்கள் ஏச்சுக்குப் பயந்து இரவு உணவையே அவர் விட்டுவிட்டார்.

உண்மையில் அந்தச் சர்க்கரை அவருடைய கல்லீரலிலிருந்தே வந்தது. நம் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான் என்பதாலும், உறக்கத்திலும் மூளைக்கு அது தேவை என்பதாலும், கணையத்தின் ஆல்பா செல்கள் குளுக்ககான் என்னும் ஹார்மோனைச் சுரந்து, கல்லீரலில் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் இருப்பை இரத்தத்தில் விடச் செய்கின்றன. விடியற்காலையில் கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் அந்தச் சர்க்கரை வரவை இன்னும் கூட்டுகின்றன. நலமாக இருப்பவருக்குப் பீட்டா செல்கள் உடனே இன்சுலினைச் சுரந்து அதை அடக்கிவிடும். நீரிழிவு உள்ளவருக்கு அந்த இன்சுலின் போதுவதில்லை, அல்லது சுரந்தாலும் உடல் அதற்குச் சரிவரப் பணிவதில்லை.

இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். அப்போது கை நடுங்குவதும், வியர்ப்பதும், நெஞ்சு படபடப்பதும், சரிவைத் தடுக்கப் பாய்ந்து வரும் அட்ரினலினின் அறிகுறிகள். என் தாயாருக்கு ஒரு நள்ளிரவில் அப்படி நேர்ந்து, குளுக்கோஸ் கரைசல் கொடுத்துத் தேற்றிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

இன்சுலின் 1921-இல் கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1923-இல், குளுக்ககானும் அடையாளம் காணப்பட்டுப் பெயர் பெற்றது. நூறாண்டு கடந்தும் முன்னதை அறியாதவர் இல்லை, பின்னதை அறிந்தவர் அரிது.

நீரிழிவு பற்றி எழுதும் மருத்துவர்களிடம் குளுக்ககானுக்கும் சில வரிகள் ஒதுக்குமாறு தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். காலை அளவு தொடர்ந்து ஏறியிருந்தால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதும், நோயாளி தாமாக உணவை நிறுத்தக் கூடாது என்பதும் அதில் இடம்பெறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்