சவுண்ட்பார் விளம்பரத்துல அதோட முதுகையும் காட்டச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளத்தூர்ல இருந்து எழுதுறேன். காலையில காப்பி லேட்டானாக்கூட பொறுத்துக்குவாக எங்க அப்பச்சி (எங்க பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்), உங்க பேப்பர் லேட்டானா வாசலுக்கும் முகப்புக்குமா நடப்பாக, அப்படி ஒரு வாசகர் வீடு எங்களது. இந்தக் கடிதம் செய்தியைப் பத்தி இல்ல, பண்டிகை வந்துட்டா முழுப் பக்கத்துக்கு டிவி, சவுண்ட்பார் (டிவிக்குக் கீழ வைக்கிற நீட்டு ஸ்பீக்கர்) ஆஃபர்னு போடுறீங்கல்ல, அதைப் பத்தி. விளம்பரம் இல்லாம பேப்பர் ஓடாதுன்னு எனக்கும் தெரியும், போடாதீங்கன்னு சொல்ல வரல. ஆனா அதுல ஒரு விஷயத்தை யாருமே போடுறதில்ல, அது தெரியாம வாங்கிட்டு நான் மூணு மாசம் அல்லாடினேன்.

அப்பச்சிக்கு வயசு 78, தவில்னா உசுரு. குன்றக்குடி தைப்பூசத்துக்குப் போனா சாமியைப் பாத்தாகளோ இல்லையோ மேளக்காரங்க பக்கத்துல போய் நின்னுக்குவாக. இப்ப முழங்கால் ஒத்துழைக்கல, அதனால கச்சேரி எல்லாம் டிவியில யூடியூப் போட்டுத்தான். டிவி ஸ்பீக்கர்ல தவில் கேட்டுப் பாருங்க, வலந்தலைப் பக்கம் விரல்ல கூடு மாட்டி வாசிக்கிறது படபடன்னு வரும், கம்பால அடிக்கிற தொப்பிப் பக்கம் இருந்த எடமே தெரியாது. "ஏண்டாப்பா, இவரு ஒத்தக் கையாலயா வாசிக்கிறாரு"ன்னு ஒருநாள் கேட்டாக பாருங்க, அன்னைக்கே காரைக்குடிக்குப் போயி ஒரு சவுண்ட்பார் வாங்கியாந்துட்டேன். ஆஃபர் போக 4,500 ரூபா. டப்பாவுல பெருசா 120 வாட்ஸ்னு போட்டிருந்துச்சு. பேஸ், அதான் கனத்த கீழ்ச்சத்தம், பத்துமான்னு கேட்டேன், கடைத் தம்பி "இப்ப பார் வாங்கிக்கங்கண்ணே, தேவைப்பட்டா அப்புறமா சப்வூஃபர் தனியா வாங்கி மாட்டிக்கலாம்"னு சொன்னாப்ல. சப்வூஃபர்ங்கிறது பேஸுக்குன்னே இருக்கிற தனி ஸ்பீக்கர் பொட்டி. அந்த 'அப்புறமா மாட்டிக்கலாம்'ல விழுந்தவன்தான் நான்.

வீட்டுக்கு வந்து போட்டா பேச்சு நல்லா கேட்டுச்சு, செய்தி சீரியல் எல்லாம் கணீர்னு. தொப்பி மட்டும் வரல, யாரோ அட்டைப்பெட்டியைத் தட்டுற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் அடாப்டரைத் திருப்பிப் பாத்தேன், 18 வோல்ட் 2 ஆம்பியர்னு போட்டிருக்கு. பெருக்கினா 36 வாட்ஸ். உள்ள போறதே 36ன்னா வெளிய 120 எங்கிருந்து வரும், கண் சிமிட்டுற நேரத்துக்கு வேணா ஒரு தூக்குத் தூக்கலாம், நின்னு பாடணும்னா அந்த 36க்குள்ளதான். டப்பாவுல போடுற நம்பரை நம்பாம அடாப்டரையோ ஆர்எம்எஸ் வாட்ஸையோ (விடாம தொடர்ந்து தர்ற சக்தி) பாக்கணும்னு இப்பத்தான் தெரியுது. அதோட பாருக்குள்ள இருக்கிற ஸ்பீக்கர் ரெண்டு இஞ்சுதான். சுருதி ஒரு ஸ்தாயி கீழ இறங்கினா அதே சத்தம் வர்றதுக்கு ஸ்பீக்கர் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னபின்ன ஆடணுமாம், ரெண்டு இஞ்சுக் கூம்பு எங்க போயி ஆடும், அதுகிட்ட தவில் தொப்பியைக் கேக்குறது மிளகாய்ப்பழத்துக்கிட்ட இனிப்பு கேக்குற கதைதான்.

சரி, சப்வூஃபர் மாட்டலாம்னு மறுபடி கடைக்குப் போனேன். அதே கம்பெனி வயர்லெஸ் சப்வூஃபர் ஒண்ணு ஷோகேஸ்ல இருந்துச்சு, ஆனா அது வேற மாடல் பாரோட ஜோடியா வர்றது, தனியா தர மாட்டாங்க, தந்தாலும் என் பாரோட சேராது. புளூடூத்ல சேத்துக்கலாமேன்னு நெனச்சேன், அதுவும் இல்ல, அந்த வயர்லெஸ் அந்தந்த மாடலுக்குன்னு அவங்களே வச்சுக்கிட்ட தனி ஏற்பாடு. கம்பெனி ஒண்ணா இருந்தாக்கூட மாடல் மாறினா பேச்சுவார்த்தை கிடையாது, பங்காளிச் சண்டை மாதிரி.

எங்க வீட்டு சாமான் அறையில பழைய 2.1 செட் ஒண்ணு கெடந்துச்சு, சின்ன ஸ்பீக்கர் ரெண்டும் எலி கடிச்சு வயர் போச்சு, ஆனா சப்வூஃபர் பொட்டி நல்லா இருக்கு. அந்த மாதிரி செட்டுல ஆம்ப்ளிஃபயர் பொட்டிக்குள்ளயே இருக்கும், சின்ன ஸ்பீக்கர் இல்லாட்டியும் அதுபாட்டுக்கு வேலை செய்யும். இதையே மாட்டிருவோம்னு எங்க ஆச்சி (அக்கா) மகன் லீவுக்கு வந்தவன் கிளம்பினான். பார் பின்னாடி ஹெச்டிஎம்ஐ, ஆப்டிகல், ஆக்ஸ், யூஎஸ்பின்னு நாலு ஓட்டை. ஆக்ஸ்ல வயரைச் சொருகி மறுமுனையை சப்வூஃபர்ல குடுத்துட்டு, அரை மணி நேரம் பட்டனா அமுக்கிட்டு, "அம்மான், பொட்டி செத்துப்போச்சு போல"ங்கிறான். பொட்டி சாகல. அந்த நாலுமே சத்தம் உள்ள வர்ற வாசல், வெளிய போற வாசல் ஒண்ணுகூட அந்தப் பாருல இல்ல. சப் அவுட்னு ஒரே ஒரு ஆர்சிஏ சாக்கெட் இருந்திருந்தா பத்து நிமிஷ வேலை, பாரோட வால்யூமைக் கூட்டினா சப்வூஃபரும் கூடவே கூடும், கொறச்சா கொறையும். அந்த ஒரு சாக்கெட் இருக்கா இல்லையான்னு விளம்பரத்துலயும் இல்ல, டப்பா முன்பக்கத்துலயும் இல்ல, கடைத் தம்பிக்கும் தெரியல. அதைத்தான் நான் கேக்குறேன்.

அப்புறம் கோட்டையூர்ல ஒரு ரேடியோ மெக்கானிக் அண்ணன்கிட்ட கொண்டுபோனேன். "பாரைத் திறந்து ஸ்பீக்கருக்குப் போற ரெண்டு வயர்ல இருந்தே சப்வூஃபருக்கு எடுத்துருவோம், பழைய டேப் ரெக்கார்டர்ல எல்லாம் அப்படித்தான் செய்வோம்"னாரு. நாலு ஸ்குரூவைக் கழட்டி, வயரை ஒட்டுறதுக்கு முன்னாடி எதுக்கும் பாத்துருவோம்னு மல்டிமீட்டரை வச்சாரு பாருங்க, அங்கதான் அவரு கைத்தொழில்காரர்னு தெரிஞ்சுச்சு. மைனஸ்னு நெனச்ச வயர்ல 9 வோல்ட் நிக்குது. இந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் சிப்புல ரெண்டு வயருமே உசுரோடதான் இருக்குமாம், சப்ளை 18ன்னா ரெண்டுலயும் பாதி பாதி 9 நிக்கும், அதுல ஒண்ணை சப்வூஃபரோட கிரவுண்ட்ல கொண்டுபோய் ஒட்டினா சிப்பு அந்த நிமிஷமே புகைஞ்சாலும் புகைஞ்சிரும். "தம்பி இதைத் தொட வேணாம், மூடிக் குடுத்துர்றேன்"னு மூடிக் குடுத்துட்டாரு, காசும் வாங்கல. ஆனா வாரண்டி ஸ்டிக்கர் கிழிஞ்சது கிழிஞ்சதுதான். இப்படித் திறந்து ஒட்டுற வேலைக்கு யாராவது ஐடியா குடுத்தா, மீட்டர் வச்சுப் பாக்காத ஆளுகிட்ட குடுத்துராதீங்க.

அடுத்தது டிவி பக்கத்துல இருந்து எடுக்கிற வழி. ஆப்டிகலை ரெண்டாப் பிரிக்கிற ஒரு பொடிசு, டிஜிட்டலை சாதா சத்தமா மாத்துற ஒரு டப்பா, ரெண்டும் ஆன்லைன்ல வரவழைச்சு, ஒரு கிளை பாருக்கு ஒரு கிளை சப்வூஃபருக்குன்னு குடுத்தேன். முதல்ல சத்தமே இல்ல, டிவி மெனுவுல போயி டால்பியில இருந்து பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் சத்தம்) மாத்தினதும் வந்துருச்சு, அந்தச் சின்ன டப்பாவுக்கு டால்பி மாதிரி சுருக்கி அனுப்புறது எல்லாம் புரியாது. தொப்பி கேட்டுச்சு! அப்பச்சி ஊஞ்சல்ல நிமிந்து உக்காந்துட்டாக. ஆனா ராத்திரி வந்துச்சு வினை. ஆப்டிகல்ல போற சத்தம் எங்க டிவியில ஒரே அளவுலதான் போகுது, பாரோட ரிமோட்டுல கொறச்சா பார் மட்டும் கொறையுது, சப்வூஃபர் அது பாட்டுக்கு முழங்குது. பத்து மணிக்கு எல்லாரும் தூங்கட்டுமேன்னு கொறச்சு வச்சா செய்தி வாசிக்கிறவரோட பேச்சு கேக்கல, அவரோட நெஞ்சுக் கட்டை மட்டும் மூலையில இருந்து 'உம் உம்'னு வருது. ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போயி பொட்டி பின்னாடி கையை விட்டுத் திருகணும், எங்க வீட்டுல ரெண்டே நாள்ல "அதுக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைங்க"ன்னுட்டாங்க.

கடைசியில எது வேலை செஞ்சுச்சு தெரியுமா, ரொம்பச் சின்ன விஷயம். டிவியில ஹெட்ஃபோன் ஓட்டை ஒண்ணு சும்மா கெடந்துச்சு. அதுல ஒண்ணை ரெண்டாக்குற வயர் ஒண்ணை மாட்டி, ஒரு கிளையை பாரோட ஆக்ஸுக்கும் இன்னொண்ணை சப்வூஃபருக்கும் குடுத்துட்டேன். எங்க டிவியில ஹெட்ஃபோன் சத்தம் டிவி ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டது, பாரோட வால்யூமை ஒரு எடத்துல வச்சு அசையாம விட்டுட்டு டிவி ரிமோட்டையே கூட்டிக் கொறச்சா ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குது. செலவு 200 ரூபாகூட இல்ல. டால்பி போயிருச்சேம்பாங்க சிலபேரு, ரெண்டு ஸ்பீக்கர் பாருக்கு டால்பி என்ன பண்ணப் போகுது. எல்லா டிவியிலயும் அந்த ஓட்டை இருக்காது, அதையும் பாத்துக்கணும்.

ஒரு தொல்லை அப்பவும் இருந்துச்சு, பாட்டு நின்னதும் ஊஊன்னு ஒரு இரைச்சல். நம்ம கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், சப்வூஃபருக்குப் பிடிச்ச சுருதியே அதுதான், பாருல கேக்காத இரைச்சலை இது எடுத்து உருப்பெருக்கிக் காட்டும். டிஷ் கேபிளைப் பிடுங்கினா நிக்குது, மாட்டினா வருது. டிவி, செட்டாப் பாக்ஸ், சப்வூஃபர் எல்லாத்தையும் எர்த் உள்ள ஒரே பவர் போர்டுக்கு மாத்தினதும் முக்கால்வாசி அடங்கிருச்சு.

இனிமேதான் செட்டிநாட்டு வீட்டுப் பிரச்சினை. எங்க ஊர் வீடு உங்களுக்குத் தெரியும், வளவுங்கிற நடு முற்றத்துக்கு மேல வானம், சுத்தி பட்டாலைங்கிற திண்ணை, சுண்ணாம்புச் சாந்து பூசின தடிச் சுவர், கீழ ஆத்தங்குடிக் கல். டிவி இருக்கிறது வளவை ஒட்டின பட்டாலையில. பொட்டியைத் தூணுக்குப் பக்கத்துல அழகா வச்சேன், பேஸ் எல்லாம் வளவு வழியா ஆகாயத்துக்குப் போயிருச்சு. மூடின ரூம்ல சுவர் திருப்பிக் குடுக்கும், தொறந்த எடத்துல திருப்பிக் குடுக்க யாரு இருக்கா. சரின்னு பக்கத்து அறைக்கு மாத்தினேன், அங்க நேர் எதிர், கதவைச் சாத்தினா ஒரு சில சுருதி மட்டும் கொட்டு கொட்டுன்னு கொட்டுது, மத்ததைக் காணோம். 40 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை நீளம் மட்டும் எட்டரை மீட்டர், அந்த அறை அதுல பாதி நீளம்தான், அதனால அலை சுவர்ல மோதி மோதி ஒரு எடத்துல குமியுது, ஒரு எடத்துல சுத்தமா இல்லாமப் போகுது.

திரும்பவும் பட்டாலைக்கே கொண்டுவந்தேன். இதுக்கு ஒரு பழைய வித்தை இருக்கு, பொட்டியை நாம உக்கார்ற எடத்துல வச்சுட்டு, பாட்டைப் போட்டுட்டு, நாம தரையோட தரையா தவழ்ந்து போய் எந்த எடத்துல பேஸ் சீராக் கேக்குதுன்னு பாக்கணும், அந்த எடத்துல பொட்டியை வைக்கணும். அப்பச்சியை எந்திரிக்கச் சொல்லிட்டு ஊஞ்சலுக்குக் கீழ பொட்டியை வச்சு நான் சுவரோரமா தவழ்ந்தேன். "என்னத்தடா தொலைச்ச, சொல்லு நானும் தேடுறேன்"ங்கிறாக. அந்த நேரம் பாத்து பக்கத்து வீட்டு ஆச்சி வேற வந்துட்டாக, 45 வயசுல நான் தவழ்ற காட்சியை ஊரே இப்ப பேசுது. ஆனா எடம் கெடச்சுச்சு, ரெண்டு சுவரும் சேர்ற மூலையில இருந்து ஒரு அடி தள்ளி. மூலை கொஞ்சம் சத்தத்தைச் சேத்துக் குடுக்கும், ரொம்ப ஒட்டி வச்சா குழையும்.

அதுக்கப்புறமும் ஏதோ கிணுகிணுன்னு சத்தம், பொட்டி கெட்டுப்போச்சோன்னு பயந்தேன். பாத்தா பொட்டி இல்ல, சுவர்ல மாட்டியிருக்கிற எங்க ஐயா படம் ஆடுது, பின்னாடி சாமான் அறையில அப்பத்தா சீரோட வந்த எனாமல் அடுக்கு ஒண்ணோட ஒண்ணு பேசிக்குது. படத்துக்குப் பின்னாடி ரெண்டு துண்டு தெர்மாகோல், அடுக்குக்கு நடுவுல பழைய வேட்டி, அவ்வளவுதான்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு சத்தம் ஒண்ணும் புதுசில்ல, கிராமபோன் ரெக்கார்டு ஏவாரத்துல இருந்து வந்த ஏ.வி.மெய்யப்பன் ரெண்டாம் உலக யுத்த காலத்துல காரைக்குடிப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவுல சினிமா ஸ்டூடியோவே நடத்தினாரு. அப்படிப்பட்ட ஊர்ல ஒரு சாக்கெட்டைப் பத்தி கடையில கேட்டா பதில் இல்லைங்கிறதுதான் எனக்கு ஆத்தாமை.

அதனால என் கோரிக்கை, விளம்பரம் குடுக்க வர்றவங்ககிட்ட நீங்களே கேளுங்க, பாரோட முன்பக்கத்தைப் பளபளன்னு அரைப் பக்கத்துக்குப் போடுறாங்கல்ல, பின்பக்கத்தையும் தீப்பெட்டி அளவுக்காவது ஒரு படம் போடட்டும், சப் அவுட் உண்டு இல்லைன்னு ஒரு வரி, ஆர்எம்எஸ் எத்தனை வாட்ஸ்னு ஒரு வரி. ஞாயித்துக்கிழமை இணைப்புல சமையல் குறிப்புக்குப் பக்கத்துல இதைப் பத்தி கால் பக்கம் எழுதினாலும் சரி. புதுசா வாங்கப்போறவங்க என்னைக் கேட்டா, கையில பழைய பொட்டி இல்லேன்னா கொஞ்சம் காசு சேத்து சப்வூஃபரோடயே வர்ற பாரை வாங்கிருங்கன்னுதான் சொல்லுவேன், என்னை மாதிரி தவழ வேணாம்.

அப்பச்சி இப்ப தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு தவில் தனி கேக்குறாக. நேத்து, "இந்த நாகஸ்வரம் மட்டும் கொஞ்சம் மூக்கால வாசிக்கிற மாதிரி இருக்கே, அதுக்கு ஏதாச்சும் மாட்டலாமா"ன்னு கேட்டாக. நான் காதுல விழாத மாதிரி கடைக்குக் கிளம்பிட்டேன்.

இப்படிக்கு,
தினம் படிக்கும் ஒரு வாசகன்,
பள்ளத்தூர்.