அந்த ஆறு மாதக் கணக்கு

மதிப்பிற்குரிய தாடியஸ் ஸ்டீவன்ஸ் ஐயாவுக்கு,

அடிமை முறையை எதிர்த்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் நீங்கள். உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்க உள்நாட்டுப் போரில்தான் ஆரம்பிப்பார்கள். நான் 1821க்குப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்போது நீங்கள் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க்கில் முப்பது வயதைத் தொடாத வக்கீல். சாரிட்டி பட்லர் என்ற அடிமைப் பெண் விடுதலை கேட்டு வழக்குப் போட்டிருந்தார். வெளி மாநில எஜமானரின் அடிமை பென்சில்வேனியாவில் ஆறு மாதம் இருந்துவிட்டால் விடுதலை என்பது அங்குள்ள சட்டம். சாரிட்டி வந்து வந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தாண்டிவிடும். எஜமானருக்காக நின்ற நீங்கள், அப்படிக் கூட்டக் கூடாது, விடாமல் ஆறு மாதம் தங்கியிருக்க வேண்டும் என்றீர்கள். ஜெயித்தும் விட்டீர்கள். சாரிட்டியும் பிள்ளைகளும் பழையபடி அடிமைகள்.

நல்ல வக்கீல்தான், என்ன சொல்ல!

அப்புறம்தான் ஆள் மாறுகிறீர்கள். தப்பி வந்த அடிமைகளுக்காக வாதாடுகிறீர்கள். 1835இல் மாநிலத்தின் இலவசப் பள்ளிச் சட்டத்தை மற்றவர்கள் ஒழிக்கப் பார்த்தபோது சட்டமன்றத்தில் பேசியே அதைக் காப்பாற்றினீர்கள். நீங்களே வளைந்த பாதத்தோடு பிறந்த ஏழை வீட்டுப் பையன், அம்மாவின் உழைப்பில் படித்தவர். அந்தப் பேச்சில் சூடு இல்லாமல் இருக்குமா? வெள்ளையருக்கு மட்டும் வாக்குரிமை என்ற மாநில அரசியல் சாசனத்தில் கையெழுத்துப் போட மறுத்தீர்கள். 1863இல், உள்நாட்டுப் போரின்போது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் படை உங்கள் இரும்பு ஆலையைக் கொளுத்தியது.

எனக்குப் பிடித்தது 1866. சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான பாதுகாப்பு என்ற பதினான்காவது அரசியல் சாசனத் திருத்தம் நீங்கள் கேட்டதில் பாதிகூட இல்லை. ஆனாலும் ஆதரித்தீர்கள். ஏன் என்றதற்கு, நான் வாழ்வது மனிதர்கள் நடுவில், தேவதைகள் நடுவில் அல்ல என்றீர்கள். பிடிவாதக்காரர் என்று பெயர் வாங்கியவர் வாயிலிருந்து வந்த பேச்சு இது!

1868இல் நீங்கள் முன்னின்று கொண்டுவந்த பதவிநீக்க விசாரணையில் ஜனாதிபதி ஜான்சன் ஒரே ஓட்டில் பதவி தப்பினார். அதற்குள் உங்களை நாற்காலியில் வைத்துத்தான் அவைக்குத் தூக்கி வந்தார்கள். ஆகஸ்டில் போய்விட்டீர்கள்.

நீங்கள் வாழ்ந்த லான்காஸ்டர் ஊரில் மற்ற கல்லறைத் தோட்டங்கள் நிறம் பார்த்தன. எல்லோரையும் சேர்க்கும் சின்னத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்து, காரணத்தையும் கல்லில் பொறிக்கச் சொன்னீர்கள்: படைத்தவன் முன் மனிதர் எல்லோரும் சமம் என்று.

அந்த வாசகத்தை எழுதும்போது சாரிட்டியின் நாட்களைக் கூட்டிப் பார்த்தீர்களா, ஐயா?