சரிஞ்ச பாறை மேல தூண் வெக்கிறவங்களுக்காக

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

எனக்கு சொந்த ஊர் கம்பம், இப்ப நெடுங்கண்டம் பக்கம் ஏலத்தோட்டத்துல இருக்கோம். உங்க பேப்பர்ல வீடு கட்டுற பக்கம் வருதுல்ல, அதுல எப்பவும் சமதரையில வானம் தோண்டுறதத்தான் போடுறீங்க, எங்கள மாதிரி சரிவுல, ரெண்டடி மண்ணு தோண்டுனாலே பாறை தட்டுற எடத்துல கட்டுறவங்களுக்கு ஒண்ணும் வர்றதில்ல.

போன வருசம் வீட்டுக்குப் பின்னால ஆறு இரும்பு போஸ்ட் நட்டு ஷெட் போட்டோம். வேலைக்கு வந்தவங்க பாறையக் கழுவக்கூட இல்ல, சரிஞ்சு கெடந்த பாறை மேல அப்படியே கான்கிரீட்டக் கொட்டி போஸ்ட நிறுத்திட்டுப் போயிட்டாங்க. ஜூன் மழை பிடிச்சு ரெண்டே வாரம், கீழ்ப்பக்க போஸ்ட் ரெண்டும் அடிக் கான்கிரீட்டோடயே நாலு இஞ்ச் வழுக்கி எறங்கிருச்சு. கான்கிரீட் ஒடையவே இல்லங்க, பாறைக்கும் அதுக்கும் நடுவுல சேறு, ஒட்டே இல்ல. ஆட்ட அதுக்கடியிலதான் கட்டிருந்தோம்.

அப்புறம் மாமா கூட்டிட்டு வந்த மேஸ்திரி மொதல்ல சம்மட்டியால தட்டிப் பாத்தாரு, பொத்துன்னு சத்தம் வந்த எடத்துலல்லாம் மக்குன கல்லு, அத கணீர்னு கேக்குற வரைக்கும் கொத்தி எடுத்தாரு, அதுலயும் சுத்தித் தோண்டி அது மண்ணுல பொதஞ்ச உருண்டப் பாறையா அடிப் பாறையான்னு பாத்தாரு, ஏன்னா தனிக்கல்லும் கணீர்னுதான் கேக்கும். பெறகு சரிவ படிக்கட்டு மாதிரி வெட்டி ஒவ்வொரு போஸ்டுக்கும் மட்டமா ஒரு உக்காருற எடம், ஒவ்வொண்ணுலயும் 20 எம்எம் ஓட்டை நாலு, ஒம்பது இஞ்ச் ஆழம், அதுல 16 எம்எம் கம்பிய எபாக்ஸிங்கற பசை வெச்சு எறக்குனாரு. ஓட்டைய ஊதி, பிரஷ் விட்டுத் தேச்சு, மறுபடி ஊதணும், தூசி இருந்தா பசை தூசியத்தான் பிடிக்கும், கல்லப் பிடிக்காது. அந்தக் கம்பியோட சேத்துத்தான் கான்கிரீட் போட்டாரு.

மேல் பக்க போஸ்ட் குட்டை, கீழ்ப்பக்கம் நெட்டை. குட்டையா இருக்குறது பத்திரம்னு நான் நெனச்சிருந்தேன், ஆனா நிலம் ஆடுனா அந்த விறைப்பான குட்டைதான் பெரும்பங்கு விசைய வாங்குமாம், அதனால எல்லாத்தையும் அடியில பீம் போட்டு இணைச்சு குறுக்குச் சட்டமும் அடிச்சாங்க. மேல்பக்கம் தண்ணி திருப்ப ஒரு வாய்க்கால்.

மூணாறு பக்கம் பெட்டிமுடில 2020 ஆகஸ்ட்ல நிலச்சரிவுல 70 பேர் போனது மாதிரி மலையே எறங்கி வந்தா எந்தக் கம்பியும் நிக்காது, தெரியும். ஆனா மேல சொன்ன வழுக்கல் நாம தடுக்கக்கூடியது. மே மாசம் மழைக்கு முன்னாடி ஒரு நல்ல இன்ஜினியர்கிட்ட கேட்டு படத்தோட போடுங்கய்யா, இங்க லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீட்டுல, பேப்பர் கை மாறி மாறி எல்லாரும் படிப்பாங்க.

ஒரு வாசகர், நெடுங்கண்டம்