ரொசீனியின் பாட்டும் மொரெஸ்கியின் குரலும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

நான் அனுப்பிய பழைய இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, "சுருதியே சேரலையே அக்கா, இதையா பொக்கிஷம்னு சொன்னீங்க?" என்று கேட்டிருந்தாய். பொக்கிஷம்தான்டா.

நீ கேட்டது இத்தாலிய இசையமைப்பாளர் ரொசீனியின் 'க்ரூசிஃபிக்ஸுஸ்'. ஓபரா எழுதுவதை விட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1863-இல் அவர் இயற்றிய திருப்பலி இசையில் வரும் தனிப்பாடல். ஆண், பெண், காஸ்ட்ராட்டோ என மூன்று பாலிலும் சேர்த்துப் பன்னிரண்டு பாடகர் போதும் என்று கையெழுத்துப் பிரதியில் குறித்து வைத்தார். காஸ்ட்ராட்டோ என்றால், குரல் உடையும் முன்பே காயடிக்கப்பட்டு, உச்ச ஸ்தாயிக்கென்றே வளர்க்கப்பட்ட பாடகர். சிறுவயதில் தனக்கும் அப்படிச் செய்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னதாகவும், தாய் மறுத்துவிட்டதாகவும் ரொசீனியே பின்னாளில் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. அந்தத் தாயை நினைக்காமல் என்னால் இந்தப் பாட்டைக் கேட்க முடிவதில்லை.

அப்போது கோயில் பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை. அந்தத் தடையை நீக்கும்படி 1866-இல் திருத்தந்தை ஒன்பதாம் பயசுக்கே எழுதிக் கேட்டார் ரொசீனி. தடை நீங்கவில்லை. 1868-இல் அவரும் போய்விட்டார்.

1902 ஏப்ரலில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் வாட்டிகனுக்கு வந்தார்கள். கெய்ஸ்பெர்க் சகோதரர்கள். (அவர்களில் ஃப்ரெட், அதே ஆண்டு இறுதியில் கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தவர்.) திருத்தந்தையின் சொந்தக் குழுவான சிஸ்டைன் பாடகர் குழுவின் அலெஸ்ஸாந்த்ரோ மொரெஸ்கி அவர்களுக்காக இதைப் பாடினார். வயது 43. தனிக்குரலில் ஒலிப்பதிவு விட்டுச்சென்ற ஒரே காஸ்ட்ராட்டோ அவர்தான்.

சுருதி சில இடங்களில் தளர்வது உண்மைதான். ஆனால் மைக் இல்லாத காலம் அது. ஒரு புனலுக்கு முன்னே நின்று பாட வேண்டும்; குரலின் அதிர்வு மட்டுமே ஊசியைத் தள்ளி மெழுகில் கோடு கீற வேண்டும். ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் தட்டு நிறைந்துவிடும். உச்சக் குரலுக்குப் பளபளப்பைத் தரும் மேல் அதிர்வெண்களைப் புனல் பிடிக்காது. ஆகவே நீ கேட்டது அவர் குரலில் ஒரு பகுதியைத்தான். சுரத்தைக் கீழிருந்து தாவிப் பிடிக்கிறாரே, அது பழைய உரோமப் பாணி என்பார்கள் சிலர், வெறும் பழக்கதோஷம் என்பார்கள் வேறு சிலர். எனக்கு அது பாணியாகத்தான் படுகிறது. அவ்வளவு சீராக, வேண்டிய இடத்தில் மட்டும் வருகிறது.

அடுத்த ஆண்டே திருத்தந்தை பத்தாம் பயஸ், கோயில் இசையில் உச்சக் குரலைச் சிறுவர்களே பாட வேண்டும் என்று ஆணையிட்டார். மொரெஸ்கி 1913 வரை குழுவில் இருந்தார், 1922-இல் மறைந்தார்.

அவர் 1904-இல் பாடிய 'ஆவே மரியா'வும் பதிவில் இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டு, இரைச்சலைப் பொருட்படுத்தாமல் முதலில் அதைக் கேள். காது பழகியதும் 'க்ரூசிஃபிக்ஸுஸு'க்குத் திரும்பி வா. பிறகு எழுது.

அன்புடன்,
அக்கா