எண்ணூறு பேர் எதிர்த்தும் நிறைவேறிய மசோதா: ஒஹாயோவில் படிக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

"இத்தனை பேர் எதிர்த்தும் மறுநாளே நிறைவேற்றிவிட்டார்கள். இனி அந்தச் சட்டமன்றப் படி ஏறி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருந்தாய்.

உன் சோர்வு நியாயமானது. அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களை (பல்வேறு பின்னணி மாணவர்களுக்குத் துணை நிற்கும் அலுவலகங்கள்) மூடச் சொல்லும் செனட் மசோதா 1-க்கு எதிராக, 2025 பிப்ரவரி 11 அன்று மாநிலத் தலைநகர் கொலம்பஸில் எட்டு மணி நேரத்துக்கு மேல் சாட்சியம் சொன்னார்கள். எழுத்தில் வந்த எதிர்ப்பு 800-ஐத் தாண்டியது. மறுநாளே செனட்டில் 21-11 என்ற வாக்கில் நிறைவேறியது. மார்ச் 19-இல் கீழவையில் 58-34. மார்ச் 28-இல் ஆளுநர் மைக் டிவைன் கையெழுத்திட்டார்.

இதற்கு முன்னோடியான செனட் மசோதா 83-ஐ மறந்துவிடாதே. 2023-இல் அது செனட்டைத் தாண்டியது. கீழவைக்குப் போனதும் பேராசிரியர்களின் வேலைநிறுத்தத்துக்கான தடை அதிலிருந்து உதிர்ந்தது. போதிய வாக்கு இல்லையென்று அவைத் தலைவர் அதை வாக்கெடுப்புக்கே கொண்டுவரவில்லை. 2024 முடிவில் மசோதா காலாவதியானது. அந்த இரண்டு வருடமும் ஆசிரியர் சங்கங்களும் மாணவர்களும் தொழிற்சங்கத்தினரும் விடாமல் எதிர்த்தார்கள். அதனால் இரண்டு கல்வியாண்டு மாணவர்கள் மீது அந்த மசோதாவின் கட்டுப்பாடுகள் விழவில்லை. அதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

இன்னொரு கணக்கு. ஆளுநர் மறுத்திருந்தால் அந்த மறுப்பை முறியடிக்கக் கீழவையின் 99 பேரில் 60 பேர் வேண்டும். விழுந்தது 58. அன்று வராதவர்கள் வந்திருந்தால் கணக்கு மாறியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் மார்ச் 19-க்கும் 28-க்கும் இடைப்பட்ட அந்த ஒன்பது நாட்கள்தான் மிக விலைமதிப்பானவை. கூட்டம் பெரும்பாலும் குழு விசாரணை நாளில் திரள்கிறது. அதற்குப் பின் கலைந்துவிடுகிறது. அடுத்த முறை ஆளுநர் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்யவென்றே ஒரு பட்டியலை முன்கூட்டித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சாட்சியத்துக்கு வருவோம். குடியுரிமை இல்லாவிட்டாலும் நீ சாட்சியம் சொல்லலாம். குழுத் தலைவரின் அலுவலகத்துக்குச் சாட்சியப் படிவத்தையும் உரையின் பிடிஎஃப் நகலையும் வழக்கமாக 24 மணி நேரம் முன்னதாக அனுப்ப வேண்டும். குழுவின் அறிவிப்பில் என்ன நேரம் போட்டிருக்கிறதோ அதையே நம்பு. படிவத்தில் ஆதரவு, எதிர்ப்பு, ஆர்வமுள்ள தரப்பு என்று மூன்று கட்டங்கள் இருக்கும். "சில திருத்தம் போதும்" என்ற நினைப்பில் மூன்றாவதைக் குறித்துவிட்டால் நீ எதிர்ப்புக் கணக்கில் வரமாட்டாய்.

உரை வழக்கமாக மூன்று நிமிடம், அதாவது ஆங்கிலத்தில் சுமார் 400 சொல். கூடவே ஒரு நிமிட வடிவம் ஒன்றும் கையில் இருக்கட்டும், ஏனென்றால் கூட்டம் பெருகினால் தலைவர் இடையிலேயே நேரத்தைக் குறைக்கலாம். எங்கே வசிக்கிறாய் என்பதை முதல் வரியிலேயே சொல். மசோதாவில் ஒவ்வொரு வரிக்கும் எண் உண்டு. நீ எதிர்க்கும் பிரிவை அந்த எண்ணோடு குறிப்பிடு. அடிக்கடி தவறு நடப்பதும் இங்கேதான். திருத்தப்பட்ட வடிவம் முதல் நாள் இரவு வந்திருக்கும், எண்கள் நகர்ந்திருக்கும். பழைய எண்ணைச் சொன்னால் "நீங்கள் படிக்கவேயில்லை" என்று ஓர் உறுப்பினர் எளிதாக ஒதுக்கிவிடுவார். காலையில் மறுபடியும் ஒருமுறை சரிபார்.

யாரோ எழுதிக் கொடுத்த ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்புவதைவிட, பத்துப் பேர் ஆளுக்கொரு பிரிவாகப் பிரித்துக்கொள்வது மேல். உதாரணமாக, மூன்று ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகப் பட்டம் பெறும் இளநிலைப் படிப்புகளை மூடச் சொல்கிறது இந்தச் சட்டம். உன் துறையில் அந்த எண்ணிக்கை என்ன என்று சொல்ல உன்னால் முடியும், வெளியாரால் முடியாது.

பல்கலைக்கழகச் சம்பளம் வாங்குகிறாய் அல்லவா? அலுவலக மின்னஞ்சலையும் அலுவலக நேரத்தையும் தொடாதே. "என் சொந்தக் கருத்து" என்று எழுத்திலும் பேச்சிலும் தெளிவாகச் சொல். விசா இருப்பதால் கைது நேரக்கூடிய மறியல்களுக்குப் போகுமுன் குடிவரவு வழக்கறிஞரிடம் பேசிவிடு. விசாரணை அறையில் சாட்சியம் சொல்வது வேறு, அறையை மறித்து உட்காருவது வேறு.

அன்றைக்கு நாள் முழுக்கக் காத்திருக்க நேரும். சாப்பாடு, தண்ணீர், சார்ஜர் எடுத்துக்கொள். மாலையானால் பாதிப் பேர் போய்விடுவார்கள், பட்டியலில் உன் பெயர் அப்போதுதான் வரும்.

இனி, இந்தச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டு நிராகரிக்கச் செய்யும் முயற்சி. யங்ஸ்டவுன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் தொடங்கியது. தேவை 2,48,092 செல்லுபடியாகும் கையெழுத்து. அதோடு மாநிலத்தின் 88 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) குறைந்தது 44-இல், ஒவ்வொன்றிலும் கடந்த ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்கில் 3 சதவீதம். கூலிக்கு ஆள் வைக்காமல் தன்னார்வலர்களே சுமார் 1,95,000 திரட்டினார்கள், போதவில்லை. கையெழுத்துத் திரட்டக் கிடைக்கும் 90 நாள் கெடுவுக்குள்தான் முதல் 1,000 கையெழுத்தையும் மனுவின் சுருக்கத்தையும் அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் கொடுத்து ஒப்புதல் வாங்கவேண்டும். அதில் வாரங்கள் கரைகின்றன. ஆகவே சுருக்கத்தின் வாசகம் மசோதா அவையில் இருக்கும்போதே தயாராக வேண்டும். ஒரு தாளில் ஒரே கவுண்டியின் வாக்காளர்கள்தான் கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடுபவர் தரும் முகவரி வாக்காளர் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். வீடு மாறிய மாணவர்களிடம் வாங்கிய கையெழுத்துகள் அடிபடுவது இதனால்தான்.

நீ கையெழுத்திட முடியாது. பணமும் கொடுத்துவிடாதே: 2024-இல் வந்த ஒஹாயோ சட்டம், பச்சை அட்டைக்காரர் (நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்) உட்படக் குடியுரிமை இல்லாதவர்கள் வாக்கெடுப்புப் பரப்புரைக்கு நிதி தருவதைத் தடுக்கிறது.

உனக்கு ஏற்ற வேலை இப்போது வளாகத்தில் இருக்கிறது. மசோதா கையெழுத்தாகும் முன்பே, பிப்ரவரி இறுதியில், ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் தன் பன்மைத்துவ அலுவலகத்தை மூடுவதாக அறிவித்தது. எதைச் சட்டம் கேட்டது, எதை நிர்வாகம் அதற்கு மேலும் தானாகச் செய்தது என்று பிரித்துப் பார்க்க யாராவது உட்கார வேண்டும். பல்கலைக்கழக அறங்காவலர் கூட்டங்களுக்கு யாரும் போகலாம். பேச அனுமதிக்க வேண்டிய கட்டாயம் மட்டும் அவர்களுக்கு இல்லை. ஆனால் பொது ஆவணச் சட்டப்படி எவரும் ஆவணம் கேட்கலாம், பெயரோ காரணமோ சொல்லவேண்டியதில்லை. "பன்மைத்துவம் பற்றிய எல்லா மின்னஞ்சலும்" என்று கேட்டால் மிக விரிவானது என்று மறுத்துவிடுவார்கள். இன்ன அலுவலகம், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, இன்ன உதவித்தொகையின் விதி மாற்றம் என்று குறுக்கிக் கேள். முதல் கடிதத்தை எழுதியதும் எங்களுக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறோம்.

அன்புடன்,
உன் அண்ணன்மார், அக்காமார்