மாவு மில்லை மாற்றும் முன் சத்தத்தை அளந்து பார்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மாவு மில் நடத்தும் குடும்பத்தின் இளையவர்கள், தெருவாசிகள்,
மேற்கு மாம்பலம், சென்னை.

பெறுநர்:
மண்டல அலுவலர் அவர்கள்,
மாநகராட்சி மண்டல அலுவலகம்.

பொருள்: மாவு மில், இஸ்திரி வண்டி, பூக்கடை ஆகியவற்றை அகற்றக் கோரும் புகார் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். ஓட்டு வீடுகள் இருந்த மனைகளில் எழும்பிய புதிய அடுக்குமாடிகளிலிருந்து, சத்தத்தையும் மிளகாய் நெடியையும் காட்டி, மில்லை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லித் தங்களிடம் புகார் வந்திருப்பதாக அறிகிறோம்.

நெடி பற்றிய புகாரில் நியாயம் இருக்கிறது. சரியாகக் காயாத மிளகாய் மிஷினுக்குள் அப்பிக்கொள்ளும். இரண்டு தரம் ஓட்ட வேண்டிவரும். சூடேறி நெடி கிளம்பும். இனி, ஒடித்தால் படக்கென்று முறியாத மிளகாயை வாங்க மாட்டோம். மிளகாய் அரைவை பிற்பகல் 2 முதல் 4 மணி வரை மட்டுமே. காலையில் வெயிலில் போட்டதைச் சூடு ஆறுமுன் கொண்டுவருவதுதான் வழக்கம் என்பதால் வாடிக்கையாளருக்கும் இது இடைஞ்சல் இல்லை. காற்றுப் போக்கிக்குத் துணி வடிகட்டி கட்டி, குழாயை மொட்டைமாடிக்கு மேலே உயர்த்த அனுமதி வேண்டும்.

சத்தம் வேறு விஷயம். அரைக்கும்போது எழும் இரைச்சலைவிட, தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசும் சில நொடிக் கிறீச்சுதான் மாடிவரை எட்டுகிறது. அடுத்த வாடிக்கையாளரின் பாத்திரத்தை எடுப்பதற்குள் கல்லை விலக்கிவிட்டால் அது இராது. தரை அதிர்வதற்குக் காரணம் தேய்ந்த பேரிங், தளர்ந்த போல்ட். அவற்றை மாற்றி, மிஷினுக்கடியில் ரப்பர் பலகை போடுகிறோம். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் இரவு 10 வரை வரம்பு 55 டெசிபல். அது சராசரி அளவு, ஒரு நொடி உச்சம் அல்ல. மில் வாசலில் கைப்பேசிச் செயலி காட்டிய எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். புகார்தாரர் ஜன்னலருகே, மில் ஓடும்போது ஒருமுறையும் நிறுத்தியபின் ஒருமுறையும் அளந்தால், எது மில் சத்தம், எது தெருவின் வண்டிச் சத்தம் என்று தெரிந்துவிடும்.

தள்ளிப்போய் நடத்தலாமே என்கிறார்கள். அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, கையில் ஒட்டும் ஈரம் இருக்கும்போதே அரைக்க வேண்டும். ஈரம் போனால் பாகில் சேராது, எண்ணெயில் பிரிந்துவிடும். நேரம் கடந்தால் புளிக்கும். பாக்கெட் மாவு இதற்கு ஆகாது. 2 கிலோ ஈர அரிசிக்காக யாரும் ஆட்டோ பிடிக்கப் போவதில்லை. நடந்து வரும் தூரத்தில் இருந்தால்தான் அது மாவு மில்.

இஸ்திரி வண்டிக்கும் பூக்கடைக்கும் 2014-ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டம் பொருந்தும். தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பு முடிந்து வியாபாரச் சான்று வழங்கும்வரை அவர்களை அகற்றக்கூடாது. இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

ஆகவே இரு தரப்பும் இருக்கும்போது நேரில் வந்து அளக்கவும், அதுவரை மில்லின் தொழில் உரிமத்தைப் புதுப்பித்துத் தரவும், தீபாவளி அரைவை தொடங்கும் முன் குழாய்க்கு அனுமதி வழங்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பங்கள்)

இணைப்பு: உரிம நகல், குழாய் வரைபடம், தெருவாசிகள் கையொப்பத் தாள்.